வீடு மகளுக்கு, கீபோட் எனக்கு

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கலியாணம் என்றால் தாய் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒதுங்க வேண்டும். என் தாய் எனக்குத் தந்தாள். நான் என் மகளுக்குத் தந்தேன். அதில் எனக்குக் குறை இல்லை.

கீபோட்டைக் கேட்டபோதுதான் முடியாது என்றேன்.

எனக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. அங்கே கொம்பியூட்டரில் எழுத்து அடிக்கிற ஒரு கீபோட் இருந்தது. கனமானது. தூசு துடைக்கும்போது துணி அழுத்தினால் ஒரு சத்தம் வரும். நல்ல பலகையில் விரல் மடக்கித் தட்டுவது போல. அந்தச் சத்தத்துக்காகத் துடைத்ததையே திரும்பத் துடைப்பேன். வீட்டுக்காரி அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் ஊருக்கு வரும்போது, புதிது வாங்கிவிட்டோம் என்று பழையதை என்னிடம் தந்தாள். மற்றப் பெண்கள் நகையை மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்தார்கள். என் மடியில் இது இருந்தது.

ஊரில், தன்னாமுனையில், எங்கள் வீட்டில் கொம்பியூட்டர் இல்லை. ஒரு வயரைக் கொளுவினால் போனிலேயே அடிக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவரை சும்மா தட்டினேன். அதுவே போதுமாக இருந்தது.

முன் யன்னலோரம் ஒரு மேசை. ஒரு பக்கம் தையல் மெசின், ஒரு பக்கம் கீபோட். தையல் இல்லாத நேரம் கீபோட்டைக் கழற்றுவேன். ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே ஒரு மூடி. மூடிக்குக் கீழே சுவிச். அதைப் பிடுங்கி வேறு போடலாம். சுவிச்சுக்கு எண்ணெய் போட்டால் சத்தம் மிருதுவாகும் என்று போனில் பார்த்தேன். தையல் மெசின் எண்ணெயை விட்டேன். அது தண்ணீர் மாதிரி உள்ளே ஓடி எல்லாம் குழம்பிவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவினேன். பிளாஸ்டிக் வெளிறிப்போனது. அத்தனை சுவிச்சும் பழுது. தைத்த காசில் கொழும்பிலிருந்து வேறு எடுத்தேன். பழுப்பு நிறத்தவை, சத்தம் குறைவு. கூடவே ஒரு பொதி நீலச் சுவிச்சும் வந்தது. நீலம் கத்தும். அதைப் பிஸ்கட் பேணியில் போட்டு வைத்தேன்.

இந்த முறை கெட்டியான கிறீஸ். மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகப் பூசினேன். ஆனாலும் உள்ளே வெறும் பானை மாதிரிக் கேட்டது. அடியில் ஏதாவது வைத்து அடைக்க வேண்டும். என் கணவர் வாவியில் மீன் பிடிக்கிறவர். அவருடைய வலையில் இருந்து ஒரு மிதப்பை அறுத்தேன். மெல்லிய துண்டுகளாகச் சீவி அடியில் பரப்பி மூடினேன். சத்தம் இறங்கி ஆழமானது.

அன்று மாலை அவர் கேட்டார். "இஞ்ச, வலையில ஒரு மிதப்பக் காணல்ல."

"நான்தான் எடுத்தன். கீபோட்டுக்கு."

"ஏன், அத ஆத்துல விடப் போறியா?"

நான் நீளமான மூடியை அழுத்திக் காட்டினேன். "மறுகா வேணுமெண்டா கிழிஞ்ச வலையில எடு" என்றுவிட்டுக் குளிக்கப் போனார்.

மூடிகளில் இருந்தது இங்கிலீசு எழுத்து. போனில் வருவது தமிழ். ஒன்றைப் பார்த்தால் வேறொன்று வருகிறது. அதனால் எழுத்தே இல்லாத வெள்ளை மூடிகளை எடுத்துப் போட்டேன். எது எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும்.

மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிற நாள், கணவரின் அக்கா காலையிலேயே வந்துவிட்டார்.

"மச்சாள், இத அங்கால தூக்கி வையுங்க."

"ஏன்?"

"அவங்க என்ன நினைப்பாங்க கா? எழுத்தும் இல்ல ஒண்டும் இல்ல. பல்லுப் போன கிழவி மாதிரி இரிக்கு."

"பல்லு எல்லாம் இரிக்கு. வெள்ளையாத்தான் இரிக்கு."

மகள் பக்கத்தில் வந்து, "அம்மா, இண்டைக்கு மட்டும்" என்றாள். அவளுக்காக மேலே ஒரு துணியைப் போட்டேன். அதற்கு மேல் செய்யவில்லை.

மாப்பிள்ளையின் தாயும் அவருடைய தம்பியும் வந்தார்கள். கிணற்றைப் பார்த்தார்கள். கூரையைப் பார்த்தார்கள். தாய் யன்னலடிக்கு வந்து துணியைத் தூக்கினார். ஒரு மூடியை அழுத்தினார். இன்னொன்றை. பிறகு நீளமானதை. டொக். அதைத் திரும்பவும் அழுத்தினார். அவருக்குப் பிடித்துவிட்டது. எனக்குத் தெரியாதா அந்த முகம்?

"மகன் ஒப்பீசு வேலைய வீட்டயும் கொண்டு வாறவன். இந்த மேசை, இது, எல்லாம் இப்பிடியே கிடக்கட்டும் தங்கச்சி. அவனுக்கு உதவும்" என்றார்.

கணவரின் அக்கா முந்திக்கொண்டார். "ஓம் ஓம், அதுக்கென்ன. எல்லாம் பிள்ளையளுக்குத்தானே."

நான் சொன்னேன். "வீடு மகளுக்கு. மேசையும் அவக்குத்தான். இது என்ட."

"உங்களுக்கு இதுல என்ன வேலை?"

"வேலை ஒண்டும் இல்ல."

"அப்ப?"

"எனக்கு விருப்பம்."

தம்பிக்காரர் சிரித்தார். "விருப்பமாம்!"

கணவரின் அக்கா என் முழங்கையில் கிள்ளினார். என் கணவர் வாசலில் நின்றார். அவர் இப்படியான இடங்களில் வாயே திறக்காதவர். "அதுக்குள்ள என்ட வலையிட மிதப்பும் கிடக்கு. அதக் குடுக்க ஏலா" என்றார்.

தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

மாப்பிள்ளை வீட்டில் இருந்து பதில் வரவில்லை. மகள் என்னோடு பேசவில்லை. அதுதான் பாரம். கணவரின் அக்கா வந்து வந்து சொன்னார். "ஒரு துண்டுப் பிளாஸ்டிக்குக்காகப் பிள்ளைட வாழ்க்கைய விளையாடுறீங்க." ஒரு கீபோட்டுக்காக விட்டுப் போகிறவர்கள் நாளைக்கு எதற்காகவும் விட்டுப் போவார்கள் என்றேன். அந்த நாட்களிலும் தட்டினேன். நிறுத்தினால் நான் பிழை செய்தேன் என்று ஆகிவிடும். நான் பிழை செய்யவில்லை.

பிறகு கீபோட் இல்லாமலே சம்மதம் வந்தது. கோயிலில் கலியாணம் நடந்தது. வீட்டை மகள் பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பின்னால் தகரம் போட்ட அறைக்கு வந்தோம். சாமான்களைக் கணவர் தூக்கினார். கீபோட்டை நான் என் கக்கத்தில் கொண்டு வந்தேன். மேசை முன் வீட்டில் நிற்கிறது. நான் தையல் மெசின் பலகையில் வைத்துத் தட்டுகிறேன். மகள் சிலவேளை வந்து பக்கத்தில் இருப்பாள். கீபோட் பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை.

போன ஞாயிறு மாப்பிள்ளையின் தாய் வந்திருந்தார். நான் தட்டிக்கொண்டிருந்தேன். முன் வீட்டில் இருந்தபடி குரல் கொடுத்தார்.

"தங்கச்சி! இன்னும் அந்த விளையாட்டு முடியல்லையா? கொஞ்சம் மெல்ல!"

பிஸ்கட் பேணியைத் திறந்தேன். பழுப்பு நிறச் சுவிச் எல்லாவற்றையும் பிடுங்கினேன். கத்துகிற நீலத்தைப் போட்டேன்.

இந்தக் கதையை நீலத்தில்தான் அடிக்கிறேன். வாவிக்கரை வரை கேட்கிறது என்று கணவர் சொல்கிறார். கேட்கட்டும்.