அம்மா கேட்டு வாங்கிய லேப்டாப்

எங்கள் தெருவில் புதிதாக எந்தச் சாமான் வீட்டுக்குள் வந்தாலும் போதகர் ஐயா வந்து கைவைத்து ஜெபித்த பிறகுதான் தொடுவோம். பைக்குக்கு ஜெபம் உண்டு, ஃபிரிட்ஜுக்கு ஜெபம் உண்டு, எதிர்வீட்டுக் கிரைண்டருக்குக்கூட உண்டு. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு லேப்டாப் வந்தது. ஐயா அதன் மூடியின்மேல் கையை வைத்து, இந்தக் கருவிக்குள் தீங்கானது எதுவும் நுழையாதபடி நீரே காவலாயிரும் ஆண்டவரே என்று ஆரம்பித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிற அத்தனை பேருக்காகவும், எளாவூர் செக்போஸ்டில் காத்துக் கிடக்கிற லாரி டிரைவர்களுக்காகவும் ஜெபித்துக்கொண்டே போனார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அப்பாவும் ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

அந்த லேப்டாப் எனக்கில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எனக்கும் முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

அம்மா கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். பதினோரு வருஷமாக அதே லைனில் நின்றபடி டப்பாவில் சாமான் போட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அங்கே ஸ்டோர் ரூமில் கம்ப்யூட்டரில் என்ட்ரி போடுகிற அக்கா கல்யாணமாகி நெல்லூர் பக்கம் போகிறாள் என்று செய்தி வந்தது. பேக்கிங் பெண்களில் யாருக்காவது கம்ப்யூட்டர் தெரிந்தால் ஒரு மாதம் கழித்து டெஸ்ட் எழுதலாம், நன்றாகச் செய்கிறவருக்கு அந்த இடம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். சம்பளம் ஒன்றும் ஏறாது. ஆனால் பெண்கள் எல்லோரும் அந்த வேலைக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், 'உக்காந்து பாக்குற வேல' என்று. எட்டாவது வரை படித்த அம்மாவுக்கு அந்த வேலைமேல் எப்படி இவ்வளவு ஆசை வந்தது என்று அப்பாவே ஆச்சரியப்பட்டார்.

ஸ்டோர் அக்காவுக்கு அம்மாவைப் பிடிக்கும். இங்கே விண்டோஸ் கிடையாது அக்கா, லினக்ஸ்தான். பெரிய கம்பெனிக்காரனே அதைப் போட்டு லேப்டாப் விற்கிறான், அதையே கேட்டு வாங்கினால் இங்கே இருக்கிற மாதிரியே வீட்டில் பழகலாம் என்று சொல்லி, ஒரு அட்டைத் துண்டில் பெயரை எழுதியும் கொடுத்தாள். அம்மா அந்த அட்டையை எடுத்துக்கொண்டு எங்களோடு திருவள்ளூரில் ஒரு கடைக்கு வந்தாள். கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வெல கம்மின்னு இத வாங்கினு போயி, எல்லாரும் வெளிய விண்டோஸ் போட்டுக்குவாங்கம்மா. இதான் வோணும்னு யாரும் கேட்டு வாங்கனதில்ல."

அம்மாவுக்கு இதில் ஒரே பெருமை. வீடு வரும்வரை அந்தப் பேச்சுதான். அப்பாவின் மனதில் மட்டும் எல்லாரும் வெளியே விண்டோஸ் போட்டுக்கொள்வார்கள் என்ற பாதிப் பேச்சு பத்திரமாகத் தங்கிவிட்டது.

அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட். மூன்று மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் இறக்கிவிடும். முகம்கூடக் கழுவாமல் லேப்டாப்பைத் திறந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஸ்டோர் அக்கா கொடுத்த பழைய பட்டியல் ஒன்று இருந்தது. போல்ட், வாஷர், ரப்பர் சீல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளமான நம்பர். அதை ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பாள். நடுநடுவே வாய்விட்டுப் பாடமும் சொல்லிக்கொள்வாள். "எடது பக்கம் மேல பெருக்கல் குறி. அத அமுக்குனா மூடிக்கும். எடது பக்கம், எடது பக்கம்." நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்றால், அஞ்சு மணிக்கு மேல் அரைமணி நேரம் எனக்கு என்று கணக்கு. அந்த ஐந்து மணி வருவதற்குள் நான் வீட்டைச் சுற்றி எத்தனை முறை நடந்திருப்பேனோ தெரியாது.

எனக்கு வேண்டியது கார் ரேஸ். பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்புக்கு நான் சொல்லியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் கார் ரேஸ் என்று. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ப்ளஸ் டூவில் அரசாங்கம் லேப்டாப் கொடுத்திருந்தது. அவனிடம் கெஞ்சிப் பென்டிரைவில் அந்த விளையாட்டை வாங்கி வந்து செருகினேன். திறக்கவில்லை. மறுபடி செருகினேன். என்னவோ இங்கிலீஷில் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன்.

"இன்னாது இது, பென்குயின் படம்லாம் போட்டுக்குது? உங்கள நல்லா ஏமாத்திட்டான். ஒரிஜினல்னா விண்டோஸ் இருக்கும்" என்றான். அவனுடைய லேப்டாப்பிலேயே விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருந்தன என்பதும், அந்த இன்னொன்றை அவன் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்பதும் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

அன்று ராத்திரியே அப்பாவிடம் ஆரம்பித்தேன். அப்பா இரும்பு உருட்டாலையில் கிரேன் ஓட்டுகிறவர். எத்தனை டன் இரும்பையும் அசையாமல் தூக்கி வைப்பார். ஆனால் 'டூப்ளிகேட்' என்ற சொல்லைக் கேட்டால் ஆடிப்போவார். முன்பு ஒருமுறை ஹைவேயில் லாரிக்காரன் ஒருவனிடம் பாதி விலைக்கு மின்விசிறி வாங்கி வந்து, அது மூன்றாம் நாள் புகைந்துவிட்டது. அம்மா வருஷக்கணக்காக அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள். அதனால் நான் பாயில் படுத்தபடி, சோறு சாப்பிட்டபடி, அவர் சட்டை மாட்டும்போது பின்னாலேயே போய் என்று மூன்று நாள் அந்த ஒரே சொல்லைச் சொன்னேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அப்பா நகர்ந்தார்.

"அம்மாகிட்ட சொல்லாத. நல்லது போட்டுக்கினு வந்து வெப்போம். பாத்து சந்தோசப்படட்டும்" என்றார்.

சனிக்கிழமை அம்மா ஷிஃப்டுக்குப் போன பிறகு லேப்டாப்பை என் பள்ளிக்கூடப் பையில் வைத்து, பைக்கில் ஸ்டேஷன் ரோட்டுக்குப் போனோம். ஜெராக்ஸ், ரீசார்ஜ், கம்ப்யூட்டர் ரிப்பேர் எல்லாம் ஒரே ஆள் பார்க்கும் சின்னக் கடை. அவர் திறந்து பார்த்துவிட்டு, மெனக்கெட்டு இதைப் போய் வாங்கியிருக்கீங்களே என்பது போல் அப்பாவைப் பார்த்தார்.

"உள்ள எதுனா வெச்சினு இருக்கீங்களாண்ணா? எல்லாம் பூடும்."

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் அம்மா பட்டியலில் பாதிக்குமேல் அடித்து முடித்திருந்தாள். அதைப் பத்திரமாக வைக்க எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டாள். ஐந்து மணி ஆகிவிட்டதே என்ற எரிச்சலில் நானே பிடுங்கி அமுக்கி வைத்தேன். கடையில் நிற்கும்போது அது ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. ஆமாம் என்று சொன்னால் இவர் அதை எடுத்து வைக்கிறேன் பேர்வழி என்று நேரமாக்குவார், இல்லையென்றால் அப்பா சரி அப்புறம் பார்க்கலாம் என்று திரும்பிவிடுவார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

"ஒண்ணும் இல்லண்ணா" என்றேன்.

திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. நான் ஸ்டூலில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். திடீரென்று ஒரு பயம் வந்தது. உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்றால் போதகர் ஐயா செய்த ஜெபமும் போய்விடுமா? அப்பாவின் காதில் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அது மேலதான கைய வெச்சாரு, உள்ள இல்லியே" என்றார். எனக்கு நிம்மதியாகிவிட்டது.

அம்மா மூன்று மணிக்கு வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். மூடியைத் திறந்தாள். வேறு படம், வேறு பாட்டு. அப்பா விஷயத்தைச் சொன்னார். "நல்லாக்குது" என்றாள் அம்மா. பிறகு திரையில் மேலும் கீழும் தேடினாள்.

"என் லிஸ்டு எங்க?"

அம்மா இன்னும் கொஞ்சம் தேடினாள். "கடக்காரன் கேக்கவே இல்லியா, உள்ள இருக்குதான்னு?"

அப்பா, "கேட்டான். நாந்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்" என்றார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மின்விசிறிக்குக்கூட அப்படிப் பார்த்ததில்லை. "உனுக்கு எதுலதான் அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து முகம் கழுவப் போனாள். அதன்பிறகு ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அப்பாவுக்கு ஞாபக மறதி, நான் சொன்னதை அவர் சொன்னதாக நினைத்துக்கொண்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை அம்மா ஷிஃப்ட் முடிந்ததும் வழியிலேயே இறங்கி அந்த ஸ்டேஷன் ரோட்டுக் கடைக்குப் போனாளாம். பழையபடியே போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். "அதெல்லாம் யாரு வெச்சினு இருக்காங்கக்கா" என்று அனுப்பிவிட்டான். ஸ்டோர் அக்காவும் அதற்குள் கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டாள். அம்மா வேறு வழியில்லாமல் பட்டியலை முதலிலிருந்து ஆரம்பித்தாள். "வலது பக்கம் மேல, வலது பக்கம் மேல" என்று பாடமும் மாறியது. அவன் போட்டுக் கொடுத்ததோ திருட்டு விண்டோஸ். அடித்துக்கொண்டிருக்கும்போதே தானாக அணைந்து தானாக எழும். என் பென்டிரைவிலிருந்து வந்த வைரஸ் வேறு. ஐயா அத்தனை நேரம் ஜெபித்தும் அது எப்படியோ நுழைந்துவிட்டது. நான் மட்டும் தினமும் என் அரைமணி நேரம் தவறாமல் கார் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வந்த ஏழு பேரில் ஆறு பேரை ஜெயித்தேன்.

டெஸ்ட் அன்று அம்மா கொஞ்சம் தாமதமாக வந்தாள். கைப்பையைக் கழற்றாமலே பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டினாள். கணுக்காலுக்கு மேலே நரம்புகள் நீலமாகச் சுருண்டு கிடந்தன. அவை எப்போதும் அப்படித்தான் இருக்கும், எல்லா அம்மாக்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"இன்னா ஆச்சி?" என்றார் அப்பா.

"பத்து ஐட்டம் அடிச்சி மூட சொன்னாங்க. ஆறு அடிச்சேன். மூடறதுக்கு வலது பக்கமே தேடிக்கினு இருந்தேன். அங்க அது எடது பக்கம். எங்க லைன்ல டிப்ளமோ படிச்ச ஒரு பொண்ணு முடிச்சிட்டு எழுந்தே பூட்சி." அம்மா சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். அப்பா வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

நான் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. என் முடியைக் கோதிக்கொண்டே, வேறு யாரிடமோ சொல்வதுபோலப் பேசினாள்.

"அங்க நாற்காலி நல்லாக்குதுடி. சக்கரம் வெச்சது. முதுவுக்கு மெத்த. இருவது நிமிசம் உக்காந்தேன். பதினோரு வருசத்துல ஷிஃப்டு நேரத்துல அந்தக் கம்பெனில நான் உக்காந்தது அவ்ளோதான்."

"சுத்துமாம்மா அது?"

"சுத்தும்."

"நீ ஒரு சுத்து சுத்திப் பாத்தியா?"

அம்மா என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "இல்லடி" என்றாள். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. அவ்வளவு நல்ல நாற்காலி கிடைத்தும் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் எழுந்து வந்துவிட்டாளே என்றுதான் அன்று எனக்கு அம்மாமேல் வருத்தம்.