அதிபரின் கேலிமுறைக்காரன்

சிபிரி டெம்பெலே பெரிய ஆள் ஒன்றும் இல்லை. ஃபராக்கோ சந்தையில், கருவாட்டுக்காரிகளின் வரிசைக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் மொபெட்டுக்குப் பஞ்சர் ஒட்டுவான், சங்கிலி மாட்டுவான், அவ்வளவுதான். ஆனால் நாட்டின் அதிபரை ஊரறியத் திட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் கம்பங்களி தின்னக்கூடியவன் இந்த மண்ணில் ஒருவன் உண்டு என்றால் அது அவன்தான்.

டெம்பெலே வீட்டாருக்கும் கொனே வீட்டாருக்கும் கேலிமுறை. எங்கே பார்த்தாலும் ஒருவரை ஒருவர் திட்டித்தான் ஆக வேண்டும். 'பயறு தின்னி' என்பது அதில் முதல் வசவு. பயறு தின்றால் வயிறு ஊதும், பின்னால் சத்தம் வரும், அதுதான் விஷயம். அதற்குக் கோபப்படுகிறவன் மனிதனே இல்லை. அந்த முறையில் இன்னொரு சங்கதியும் உண்டு. கேலிமுறைக்காரன் வந்து ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. அரிவாளைத் தூக்கிக்கொண்டு நின்ற இரண்டு ஊரை ஒரு கேலிமுறைக்காரன் நடுவில் புகுந்து பிரித்துவிட்டதெல்லாம் நடந்திருக்கிறது.

தியெமோகோ கொனே முதலில் அவனிடம் வந்தபோது அதிபர் இல்லை. படைமுகாமுக்கு மாற்றலாகி வந்த ஒல்லிக் கேப்டன். பின்சக்கரம் வெடித்த மொபெட்டை வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தான்.

"யாரு வீட்டு ஆளு?" என்று கேட்டான் சிபிரி.

"கொனே."

சிபிரி ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டான். "அடக் கடவுளே! பயறு தின்னிக்கெல்லாம் துப்பாக்கி குடுத்துட்டாங்களா? டயரு ஏன் வெடிச்சதுன்னு இப்பத்தான் புரியுது. காத்து மேலேருந்து எறங்கியிருக்கு."

"வாய மூடுறா, அடிமை. உங்கப்பன எங்கப்பன் ஒரு கூடை பயறுக்குத்தான் வாங்குனான். அதுலயும் பாதி சொத்தை."

கருவாட்டுக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேப்டன் சட்டைப் பையிலிருந்து, பாக்கு மாதிரி மெல்லுகிற கோலாக்காய் ஒன்றை எடுத்து, கடித்துப் பாதியை சிபிரிக்குக் கொடுத்தான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் ரேடியோவில் பேண்டு வாத்தியம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு குரல் வந்தது. பழைய அதிபர் போய்விட்டார், இனி நாட்டைத் தான் பார்த்துக்கொள்வதாக அந்தக் குரல் சொன்னது. சிபிரிக்குக் குரல் தெரிந்துவிட்டது. "நம்ம டயருடா இவன்!" என்று கத்தினான்.

அந்த அறுவடை முடிந்ததும் அதிபர் ஃபராக்கோவுக்கு வந்தார். ஆயிரம் பேர் கைதட்டிக்கொண்டிருக்க, சிபிரி ஆளோடு ஆளாக நின்று கத்தினான்: "பயறு தின்னி வந்துட்டான்! தானியக் குதிரப் பூட்டுங்கய்யா!" காவலர்கள் அவன் கழுத்தைப் பிடித்தார்கள். அதிபர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தன் தொப்பியைக் கழற்றி சிபிரி தலையில் வைத்தார். ரேடியோ அதை ஒரு வாரம் போட்டது. சிரிக்கத் தெரிந்த தலைவன் என்று பேர் வந்தது.

பிறகு வருஷா வருஷம் இதுதான். சிபிரிக்கு முன்வரிசையில் இடம். கேப்டன் ஜெனரல் ஆனார், ஜெனரல் மார்ஷல் ஆனார், கறுப்புக் கண்ணாடி போட்டார், கட்சிகளில் தன் கட்சியை மட்டும் விட்டுவைத்தார். சிபிரி திட்டினான், அவர் சிரித்தார். ஊரார் வந்து கெஞ்சுவார்கள், மகனுக்கு ஒரு வேலை கேள், நிலத்தகராறைச் சொல் என்று. அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் கேலி கெட்டுப்போகும் என்பான்.

மழை பொய்த்த ஒரு வருஷம், ஆளுநர் அலுவலக எழுத்தர் சமாக்கே கடைக்கு ஒரு காகிதத்தோடு வந்தார்.

"இந்தத் தடவை பயறு வேணாம் சிபிரி. ஜனங்க பயறுக்கே வழியில்லாமக் கெடக்காங்க. அர்த்தம் வேற மாதிரி ஆயிடும்."

"பயறு இல்லாம கொனேய எப்படிய்யா திட்டுறது?"

"'காது பெருசு'ன்னு சொல்லு. ஜனங்க குறையக் கேக்குற காதுன்னு ரேடியோவுல நாங்க பாத்துக்குறோம்."

சிபிரிக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தர் மூன்று தடவை சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து வருஷா வருஷம் காதுதான். அதிபர் சிரித்தார். இவனுக்குத்தான் வாய் கசந்தது.

சிபிரியின் ஒரே மகன் பூராமா வாத்தியார் ஆகியிருந்தான். வாத்தியார்கள் வேலைநிறுத்தம் செய்த வருஷம், பாடம் நடத்திக்கொண்டிருந்தவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வடக்கே மணல்காட்டில் உப்பு வெட்டுகிற முகாம் ஒன்று உண்டு. அங்கே அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். ஒன்பது மாதம் ஒரு தகவலும் இல்லை.

"இருவது வருசமா அந்தாளத் திட்டுறியே, ஒரே ஒரு தடவ கேளேன்," என்றாள் சிபிரியின் பெண்டாட்டி வாசா. "முறைப்படி கேட்டா இல்லன்னு சொல்லக்கூடாதுல்ல?"

"சொல்லக்கூடாது."

"அப்பக் கேளு."

அந்த வருஷம் அதிபரை இரண்டு பேர் தாங்கித்தான் வண்டியிலிருந்து இறக்கினார்கள். சமாக்கே சிபிரியின் முழங்கையைக் கிள்ளினார். "காது. காது மட்டுந்தான். தெரியுதா?"

சிபிரி முன்னால் போனான்.

"ஏ பயறு தின்னி!"

ஜனங்கள் அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சந்தையே கூச்சல் போட்டது.

"பயறு பத்தலையாடா ஒனக்கு? எம்புள்ள பூராமாவையும் பானையில போட்டுட்டியே! டெம்பெலே கேக்குறேன், எடுத்துக் குடுடா!"

சட்டென்று சத்தம் அடங்கியது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் எங்கே பார்த்தார் என்று தெரியவில்லை. பிறகு அந்தப் பெரிய வயிறு குலுங்கியது. அதிபர் சிரித்தார். அவர் சிரித்ததும் பக்கத்திலிருந்த அதிகாரிகள் சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும்.

"உம்புள்ளையா? ஆமா, எம்பானையிலதான் கெடக்கான். உப்பு நல்லாப் புடிக்கட்டும், அப்பறமா எறக்குறேன்!"

சிபிரி மண்டியிட்டான். "ஐயா, கேலி இல்லீங்கய்யா. நெசமாத்தான் கேக்குறேன். பூராமா டெம்பெலே. வாத்தியாரு. ஒத்தப் புள்ளைங்கய்யா, விட்டுடுங்கய்யா."

ஒரு டெம்பெலே மண்டியிட்டு ஒரு கொனேயை 'ஐயா' என்கிறான். இதைவிடப் பெரிய கேலி ஒன்றை அந்த ஊர் பார்த்ததில்லை. பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பூராமாவுக்கு ஒட்டுப்போட்டுச் சட்டை தைத்துக்கொடுத்த பக்கத்து வீட்டுக்காரியும் சிரித்தாள். அவன் "நெசமா, நெசமா" என்று சொல்லச் சொல்லச் சிரிப்பு ஏறியது. அதிபர் குனிந்து அவன் தலையில் தட்டினார்.

"பாத்தீங்களா? அடிமைன்னு கடைசியில அவனே ஒத்துக்கிட்டான்!"

வண்டி போய்விட்டது.

வீட்டு வாசலில் வாசா நின்றுகொண்டிருந்தாள். "கேட்டியா?"

"கேட்டேன்."

"இல்லன்னு சொன்னானா?"

"சொல்லல. சிரிச்சான்."

"சொல்லலைல்ல? அப்ப விட்டுருவான்." அவள் உள்ளே போய்க் கம்பு இடிக்கத் தொடங்கினாள், மூன்று பேருக்கு.

எட்டு மாதம் மூன்று பேருக்கு இடித்தாள். மீந்த களியை ஆட்டுக்குப் போட்டாள். ஒன்பதாவது மாதம் உப்பு லாரிக்காரன் ஒருவன் தன் மொபெட்டுக்குச் சங்கிலி மாட்ட வந்த இடத்தில் பேர் கேட்டுவிட்டுத் தயங்கினான். பிறகு சொன்னான். பூராமா என்ற வாத்தியார் வயிற்றுப்போக்கில் செத்தார், மணலில்தான் புதைத்தார்கள், நோன்பு மாதத்தில்.

"எந்த வருசத்து நோன்பு?"

"போன வருசம்."

அதிபர் வந்தது அதற்கு நாலு மாதம் கழித்து. சிபிரி மண்டியிட்ட அன்று பானையில் யாரும் இல்லை. அது அவருக்குத் தெரியுமா, அவரும் தெரியாமல்தான் சிரித்தாரா என்று சொல்ல ஆளில்லை. லாரிக்காரன் சொன்னதை அவன் வாசாவிடம் சொன்னான். அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. "நாந்தான் கேக்கச் சொன்னேன்," என்றாள்.

ரேடியோ மட்டும் விடவில்லை. சுதந்திர நாள் தோறும் அந்தப் பேச்சைப் போட்டார்கள். டீ காய்ச்சும் இடத்தில் பையன்கள் "விட்டுடுங்கய்யா" என்று நடித்துக் காட்டுவார்கள். தன் குரல் வந்தால் சிபிரி எழுந்து ஆற்றுப் பக்கம் போவான்.

அடுத்த அறுவடைக்கு சமாக்கே வந்தபோது அவன் காகிதத்தை வாங்கி மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்பானர் பெட்டிக்கு அடியில் முட்டுக்கொடுத்தான். முன்வரிசையில் வேறு ஒரு டெம்பெலேயை நிறுத்தினார்கள். அவனும் நன்றாகத்தான் திட்டினான்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில், கொனே வீட்டு இளவட்டம் ஒருவன் சிபிரியைப் பார்த்துவிட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது. கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"ஏய் கெழட்டு அடிமை! பயறு இருக்குன்னு மோப்பம் புடிச்சு வந்துட்டியா?"

நாலு பேர் பதில் வசவுக்காகக் காத்திருந்தார்கள். சிபிரி எழுந்து, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டான்.

"வாங்க தம்பி. நல்லா இருக்கீங்களா? வீட்ல அப்பா அம்மா சௌக்கியமா?"

பையனுடைய முகம் செத்துப்போனது. விரித்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "நான் என்ன தப்புப் பண்ணேன், பெரியவரே?" என்று கேட்டான். சிபிரி அவனுக்கு உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டான்.