புளி போட்ட பதக்கம்

அந்தப் பித்தளைப் பதக்கம் என் கைக்கு வந்தபோது, தேயிலைச் சாயம் ஊறிய கோப்பையின் நிறத்தில் இருந்தது. அமெரிக்கா பிரித்தானியரின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், ஸ்பானியரின் துறைமுகம் ஒன்றைப் பிடித்த பிரித்தானியக் கடற்படைத் தளபதியைப் புகழ்ந்து அச்சடித்தது. ஒரு பக்கம் தளபதி, மறுபக்கம் கப்பல்கள். நாங்கள் குடியேறிய நகரத்தின் டண்டினோங் சந்தையில் பழைய பிஸ்கட் தகரமொன்றுக்குள் கிடந்தது. பழைய பதக்கங்கள் சேர்க்கும் இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்றவைத்தவர் பக்கத்தில் நோபல் பார்க்கில் இருக்கும் மாஸ்ரர். ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தில் தமிழர் நாங்கள் இருவர்தான். அவரிடமும் அதே பதக்கம் இருந்தது.

சங்கத்தின் கண்காட்சிக்கு ஒரு வகையில் ஒன்றைத்தான் எடுப்பார்கள். தெரிவுக்கு முதல் நாள் மாஸ்ரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்தக் கறுப்பை என்ன செய்வது என்று கேட்டேன். ஸ்பீக்கரில்தான் கதைத்தோம், குசினி அடுப்படியில் என்னோடு மகளும் நின்றாள்.

"பித்தளைதானே தங்கச்சி? பழப்புளியைப் போட்டு நல்லாத் தேய்ச்சு விடும். பளிச்செண்டு வரும்."

தேய்த்தேன். கார்த்திகை விளக்கீட்டுக்குக் குத்துவிளக்கு மினுக்குகிற அதே கையால், அதே ஆசையோடு.

மறுநாள் தெரிவு செய்ய வந்த வெள்ளைக்காரர் அதைத் தொடவே இல்லை. தலைமுறை தலைமுறையாகப் படிந்த நிறத்தைக் கழுவிவிட்டீர்களே, மதிப்பே அதில்தானே என்றார். பக்கத்தில் கறுத்தபடியே இருந்த மாஸ்ரரின் பதக்கத்தை எடுத்துக்கொண்டார். எங்கள் பெண்களுக்குப் பித்தளையைக் கண்டால் எல்லாம் விளக்குத்தான் என்று மாஸ்ரர் ஆங்கிலத்தில் சொல்ல, நின்றவர்கள் சிரித்தார்கள்.

என்னோடு வந்திருந்த மகள் சிரிக்கவில்லை. "அங்கிள், நீங்கள்தானே அம்மாவைத் தேய்க்கச் சொன்னது? ஐ ஹேர்ட் யூ."

"அது பகிடிக்குச் சொன்னது, பிள்ளை."

அப்போது நான் வாய் திறந்தேன். அவரிடம் அல்ல. "சும்மா இரு. பெரியாக்களோட இப்பிடியே கதைக்கிறது?" என்று மகளை அடக்கினேன்.

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டில் கை நனைத்தவர் அந்த மனிதர். அறிந்துகொண்டே சொன்னாரா, விளையாட்டாகச் சொல்லிவிட்டு நான் ஏமாந்ததில் குளிர்காய்ந்தாரா என்று இன்னும் மனம் கிடந்து உழல்கிறது. ஆனால் அந்த மண்டபத்தில் எனக்காகப் பேசியது ஒரே ஒரு குரல். அதை அடைத்தது அவரில்லை.

மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன கிழமை அழுத முகத்தோடு வந்தாள். யார் என்ன செய்தது என்று அறைக் கதவடியில் நின்று கெஞ்சிக் கேட்டேன்.

"நத்திங், அம்மா. சொன்னாலும் நீங்கள் அவையின்ர பக்கம்தானே நிப்பீங்கள்."