பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாம்

பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தேன். கடைவாய்ப் பல் சொத்தையாகி, வலியில் கஞ்சிகூட இறங்கவில்லை. எங்கள் மம்சாபுரத்தில் பல் பிடுங்குவதென்றால் ஆளை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதனால் அண்ணனையும் தம்பியையும் கூட்டிக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினேன்.

அங்கிருந்த டாக்டரம்மா, "பிடிச்சுக்க ஆள் வேண்டாம், வெளியே இருங்க" என்றார்.

"யம்மா, இவன் துள்ளுவான்லா!" என்றான் அண்ணன்.

அவர் சிரித்தபடி என் ஈறில் ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தார். என் கன்னம் வேறு யாருடையதோபோல மரத்துப்போனது. பிறகு குறடு பல்லைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. கண்ணை இறுக மூடி, வலிக்குக் காத்திருந்தேன்.

"கண்ணைத் திறங்க. முடிஞ்சுபோச்சு."

பீங்கான் தட்டில் என் பல் வேரோடு கிடந்தது!

"இந்தப் பஞ்சைக் கடிச்சுக்குங்க. இன்னைக்குக் கொப்பளிக்கவும் வேண்டாம், துப்பவும் வேண்டாம். குழியில உறையுற ரத்தம்தான் புண்ணை ஆத்தும்."

தலையாட்டினேன். கண் நிறைந்துவிட்டது. சண்டையில் குண்டுக் காயம் பட்டு, மரக்க ஊசி இல்லாமலே தையல் போட்டுக்கொண்டவன் நான். வைத்தியம் என்றாலே பல்லைக் கடித்துப் பொறுப்பதுதான் என்று நினைத்திருந்தேன். நோகாமல் நோயைத் தீர்க்கும் கையும் உலகத்தில் உண்டு என்பதை நம்பவே எனக்கு வெகுநேரம் பிடித்தது.