முப்பத்தாறு பேரும் ஒரு திரியும்

என் வீட்டுக்காரருக்கு உலகத்தை அளக்க ஒரே ஒரு அளவுதான் தெரியும்: எத்தனை பேர். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் சாப்பாடு எப்படி இருந்தது என்று சொல்ல மாட்டார், பந்தியில் பரிமாற எத்தனை பேர் நின்றார்கள் என்று சொல்வார். சிவகாசிக்கும் ஆமத்தூருக்கும் நடுவே சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். சீசன் நெருங்கும்போது காலையில் வேனிலிருந்து எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பதுதான் அவருடைய சந்தோஷம், கவலை, ரத்த அழுத்தம் எல்லாம். அப்படிப்பட்ட மனிதரை நம்பிக் கம்ப்யூட்டர் வாங்க மதுரைக்கு அனுப்பினேன். என்னைத்தான் சொல்ல வேண்டும்.

நான் வீட்டிலிருந்தபடியே காலண்டர் டிசைன் செய்கிறவள். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். ஊரெல்லாம் ஆனி மாதக் காற்றில் கிடக்கும்போது நாங்கள் மட்டும் வரப்போகிற பொங்கலுக்குக் கரும்பு வரைந்துகொண்டிருப்போம். அந்த ஆனியில்தான் என் பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடியது.

அது எனக்கு வேலைக்கு மட்டுமான கம்ப்யூட்டர் இல்லை. பகலெல்லாம் முருகனுக்கு வேல் பிடித்துக் கொடுத்த அதே கையால் சாயங்காலம் ஏழு மணிக்கு இன்டர்நெட் விளையாட்டில் துப்பாக்கி பிடிப்பேன். நாற்பது தாண்டியவள் சுட்டு விளையாடுகிறாளே என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். என் கூட விளையாடுகிறவள் என் தங்கை. மல்லாங்கிணறுக் கரிசல்காட்டில் என்னோடு பருத்தி எடுத்தவள், கல்யாணமாகிக் கனடாவில் இருக்கிறாள். நமக்குச் சாயங்காலம், அவளுக்குக் காலை. அவள் மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் அவளும் ஜன்னலுக்கு வெளியே ஆளில்லாத தெருவும்தான்.

போனில் பேசலாமே என்று கேட்பீர்கள். பேசினோம். போனில் அவள் "நல்லா இருக்கேன்க்கா, சாப்பிட்டேன்க்கா" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவாள். அது யாருக்கோ பதில் சொல்கிற குரல். விளையாட்டுக்குள் வந்து, "ஏக்கா, இங்கன வா, அங்கன போயி என்னத்த முட்டிக்கிட்டு நிக்க!" என்று கத்தும்போதுதான் என் தங்கை வருவாள். எனக்கு அந்தக் குரல் வேண்டும். அவளுக்கு அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் அங்கே வாய் விட்டுப் பேச வேறு ஆள் கிடையாது. அதனால் புதுக் கம்ப்யூட்டர் என்றதும் எனக்குக் காலண்டர் பயத்தை விட இந்தப் பயம்தான் அதிகம்.

வீட்டுக்காரரிடம் தெளிவாகத்தான் சொன்னேன். "டெஸ்க்டாப் பிராசஸர் வாங்குங்க. எட்டுக் கோர் போதும். ஆனா ஒவ்வொண்ணும் வேகமா இருக்கணும். கிராபிக்ஸ் கார்டு பழசே நல்லா இருக்கு, அதைக் களட்டி இதுல மாட்டிக்கிடுவோம்."

"கோருன்னா என்ன?"

அவசரத்தில் ஒரு தப்பு செய்தேன். "உள்ள வேலை செய்யுற ஆளு மாதிரி" என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் ஒரு பெரிய பெட்டியோடு, மாப்பிள்ளை வீட்டுச் சீரைக் கொண்டுவருகிற முகத்தோடு வந்து இறங்கினார். ஏதோ ஒரு பெரிய கம்பெனியில் ஓடி ஓய்ந்த சர்வராம். உள்ளே ஒன்றுக்கு இரண்டு பிராசஸர், ஒவ்வொன்றிலும் பதினெட்டுக் கோர்.

"நீ எட்டுப் பேரு கேட்டே. அதை விடக் குறைஞ்ச விலைக்கு முப்பத்தாறு பேரு கூட்டியாந்துருக்கேன்" என்றார். "கடைக்காரன்ட்ட ஒண்ணுதான் கேட்டேன். ஒரே சில்லுக்குள்ள பதினெட்டுப் பேரை அடைச்சு வச்சா லைசென்ஸ் பிரச்சினை வராதான்னு. நம்ம கம்பெனில ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல உக்கார வச்சாலே ஆபீசர் வந்து நிக்காரு. அவன் சிரிக்கான், பதில் சொல்ல மாட்டேங்கான்."

சுவிட்சைப் போட்டதும் கிளம்பிய சத்தத்தில் அடுப்படியிலிருந்து மாமியார் ஓடி வந்தார். "என்னத்தா இது, மாவு மில்லு வைக்கப் போறீகளா? யாருட்டயும் ஒரு வார்த்தை சொல்லலயே!" மின்விசிறிகள் அத்தனையும் ஒன்றாகச் சுற்றின. பின்பக்கம் அடித்த காற்றில் கொடியில் கிடந்த துண்டு காய்ந்தது.

சூடு என்றால் என் வீட்டுக்காரருக்கு ஆகாது. அவர் தொழில் அப்படி. கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற வேலை காலையிலேயே முடிந்துவிடும், வெயில் ஏறினால் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை அப்படியே சர்வருக்கும் கொண்டுவரப் பார்த்தார். பதினோரு மணிக்கு மேல் அணைத்துவிட வேண்டுமாம். "அப்ப ஆல்பத்தை உங்க மருந்து ரூம்லயே வச்சு டிசைன் பண்ணுங்க" என்று கத்தியதும் அதை விட்டார். ஆனால் வீட்டின் கடைசி அறைக்கு அதை மாற்றி, அக்கம்பக்கத்தில் எதுவும் இல்லாமல் தனியாக வைத்தார். அந்த அறை வாசல் நிலையில் ஒரு செம்புத் தகட்டையும் அடித்தார். கம்பெனியில் உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படியே ஆனது. மாமியார் காபி கொண்டுவந்தால் கூட முதலில் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்த அறையில் முருகன் படம் இருந்ததால் அவருக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். வேலையில் ஒரு பாதிக்குச் சர்வர் ராஜா. ஆல்பத்துக்கு மாதிரியாக ஒரே காலண்டரை நகைக்கடைக்கு, ஜவுளிக்கடைக்கு, பாத்திரக்கடைக்கு என்று பேர் மாற்றி, அளவு மாற்றி நூற்றுக்கணக்கில் கோப்பாக எடுக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு முழுப் பகல் போகும். சர்வரில் நான் ஒரு தோசை சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. தனித்தனி வேலை, தனித்தனி ஆள். முப்பத்தாறும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. வீட்டுக்காரர் அன்றைக்கு வந்த விருந்தாளி, கேஸ் கொண்டுவந்தவர், பால்காரர் எல்லாரையும் கடைசி அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், தகட்டைத் தொடச் சொல்லி, காட்டினார்.

அடுத்த பாதிதான் சித்திரவதை. முருகனுக்குப் பின்னால் மயில் தோகை வரைவேன். கை வரைந்து முடித்து அடுத்த இறகுக்குப் போயிருக்கும், திரையில் முதல் இறகு அப்போதுதான் யோசித்து யோசித்து வரும். ஒரு கோடு வரைவதை ஒரு கோர்தான் செய்ய முடியும். அந்த ஒன்றோ மெதுவான ஆள். மிச்சம் முப்பத்தைந்தும் வேடிக்கை பார்த்துக்கொண்டு கரண்டைத் தின்றன.

சாயங்காலம் விளையாட்டைத் திறந்தபோது என் பயம் பலித்தது. நாலு எட்டு ஓடுவேன், அப்படியே நிற்பேன். மறுபடி நகரும்போது செத்திருப்பேன்.

"ஏக்கா, ரைஸ் மில்லுல இருக்கியா? ஒரே இரைச்சலா கேக்கு" என்றாள் தங்கை.

"உங்க அத்தான் சர்வர் வாங்கியாந்துருக்காரு."

"நீ ஏன் நிக்க? ஓடு!"

"ஓடத்தான் செய்றேன். அது ஓட மாட்டேங்கு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படிச் செத்துச் செத்து விழுந்தால் அவள் எத்தனை நாளைக்குப் பொறுப்பாள்? இனி போனில் "சாப்பிட்டேன்க்கா" மட்டும்தான் மிச்சம் என்று நினைத்தேன். ஆனால் அவள் மறுநாளும் வந்தாள். நான் நின்றுபோனதும் ஓடி வந்து என் முன்னால் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு காவலுக்கு நின்றாள். "நீ நில்லு. வாரவன நான் பாத்துக்கிடுதேன்."

விளையாட்டில் இருக்கிற ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் சிலையாக நிற்க, அவள் காவல் காக்க, இரண்டு பேருக்கும் செய்ய வேறு வேலை இல்லை. பேசினோம். மல்லாங்கிணற்றில் இந்த வருஷம் மழை பிந்திய கதை, அவள் பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறாளே தவிர பேசுவதில்லை என்கிற கதை. ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள்: "தனியா உக்காந்து திங்கப் பிடிக்கலக்கா. காலைல நான் சாப்பிடுறதே இல்ல. உன்ட்டப் போன்ல சாப்பிட்டேன்னு சொல்லுதது எல்லாம் பொய்யி." பதில் சொல்வதற்குள் திரையில் என் ஆள் நகரத் தொடங்கி, குண்டடிபட்டு விழுந்துவிட்டாள். அந்தப் பேச்சும் அதோடு நின்றுபோனது.

அந்தக் கோபத்தையும் சேர்த்து வீட்டுக்காரர் மேல் காட்டினேன். அவரோ, "முப்பத்தாறு பேரு இருந்தும் ஓடலன்னா மேஸ்திரி சரியில்லன்னு அர்த்தம்" என்றார். மேஸ்திரி நான்தான்.

"ஒண்ணு கேக்கேன்" என்றேன். "ஒரு வெடிக்கு எத்தனை திரி?"

"ஒண்ணு."

"அந்த ஒரு திரியைச் சொருக முப்பத்தாறு பேரை ஒக்கார வச்சா வேகமா சொருகிருவாகளா?"

திரி சொருகுவதைப் பற்றி அவரிடம் பொய் சொல்ல முடியாது. யாருடைய கை எவ்வளவு வேகம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். "ஆயிரம் வெடின்னா முப்பத்தாறு பேரு வேணும்" என்று மெதுவாகத் தொடங்கினார். "ஒத்த வெடின்னா... கை வேகமுள்ள ஒரு ஆளு போதும்."

"என் காலண்டரு ஆயிரம் வெடி. என் மயிலும் என் தங்கச்சியும் ஒத்த வெடி."

"இதை மொதல்லயே திரின்னு சொல்லிருக்கலாம்ல! ஆளுன்னு ஏன் சொன்னே?" என்று என் மேலேயே எரிந்து விழுந்துவிட்டு, மறுநாளே மதுரைக்குப் போய் எட்டுக் கோர் டெஸ்க்டாப் பிராசஸரோடு ஒரு கம்ப்யூட்டரை வாங்கிவந்தார். பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "எடையே இல்லயே" என்று வருத்தப்பட்டார். சர்வர் கடைசி அறையிலேயே இருந்து நூற்றுக்கணக்கில் காலண்டரைத் தள்ளியது. முன்னறையில் வைத்த டெஸ்க்டாப்பில் மயில் என் கையோடு கூடவே தோகை விரித்தது. ஆல்பமும் ஆடிப்பெருக்குக்கு வந்துவிட்டது.

விளையாட்டும் வெண்ணெயாக ஓடியது. சத்தமே இல்லை. நானும் தங்கையும் ஓடினோம், சுட்டோம், ஜெயித்தோம். "சூப்பர்க்கா" என்றாள். மறுநாளும் ஜெயித்தோம். "சூப்பர்க்கா." மூன்றாம் தடவைதான் எனக்கு உறைத்தது, அது போன் குரல்.

"சாப்பிட்டியாடி?" என்று ஓடிக்கொண்டே கேட்டேன்.

"சாப்பிட்டேன்க்கா." கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, "அந்த மில்லு மிசின வித்துட்டீகளா?" என்றாள்.

"இல்ல, இருக்கு. ஏன்?"

"சும்மாதான்."

அந்தத் தண்ணீர்த் தொட்டி வந்ததும் நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன். அதன் பின்னால் என் ஆள் அப்படியே நின்றாள்.

"என்னக்கா, நின்னுட்டே?"

"தெரியலடி. சிக்கிருச்சு போல."

"புதுசும் சிக்குமா?"

"சிக்கும்."

அவள் ஓடி வந்து என் முன்னால் நின்றாள். கதவு வழியாக எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, எட்டுப் பேரும் எங்கன போனாக?" என்று பதறினார். சும்மா இருங்கள் என்று கையைக் காட்டினேன். முன்னறை நிலையில் இல்லாத தகட்டைப் பழக்கத்தில் தொட்டுவிட்டுப் போனார்.

"அக்கா" என்றாள் தங்கை. "நான் சாப்பிடல."

"தெரியும். போயி தட்டை எடுத்துட்டு வா."

"நான் போனா உன்னையச் சுட்டுருவாங்கக்கா."

"எனக்குச் சரியாயிருச்சு. நீ நில்லு, இன்னைக்கு நான் பாத்துக்கிடுதேன்."

அவள் ஆள் அசையாமல் நின்றாள். நான் அவளுக்கு முன்னால் போய்த் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தேன். வந்தவன் ஒருவன் விடாமல் சுட்டேன், அந்த எட்டுக் கோரும் என் கைக்கு ஈடு கொடுத்தன. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் தூரத்தில் பாத்திரம் உருளும் சத்தமும் பிறகு ஒரு தட்டை மேஜையில் வைக்கிற சத்தமும் கேட்டன.