கட்டைவிரலை மடக்கிய டாக்டரம்மா

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் தோணிரேவில் என்னைப்போல இறால் தடவிப் பிடிக்க ஆள் கிடையாது. இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும், பிடித்ததைப் போடும் பறிக்கூடை பல்லில் தொங்கும். அந்த முன்பல் சொத்தையானதும் மகள் பிடுங்கிவிடச் சொன்னாள். பல் போனால் என் தொழிலும் போய்விடுமே என்று மீஞ்சூர் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா ஒல்லி. கண்ணைச் சுற்றிக் கருவளையம். பல்லின் வேரைக் கழுவும் ஊசியை அவர் கட்டைவிரலால் அழுத்தவில்லை. அந்த விரலை மடக்கி வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் சொட்டுச் சொட்டாக விட்டார். விடும்போதெல்லாம் என் கன்னத்தையே பார்த்தார்.

அந்த மருந்தில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. நடுவில் அவர் நிறுத்தியபோது கேட்டேன்.

“இன்னாத்துக்கு டாக்டரம்மா இந்த நாத்தம்? உப்புத்தண்ணி ஊத்தக்கூடாதா? எங்க ஏரி பூரா அதான் கெடக்குது.”

சிரித்தார். “உப்புத்தண்ணி அழுக்கைத் தள்ளும், அவ்ளோதாம்மா. இதுதான் கிருமியக் கொல்லும், உள்ள அழுகின சதையக் கரைக்கும்.”

“அப்ப வேகமா ஊத்தி முடிச்சுட வேண்டியதுதானே.”

சிரிப்பு நின்றது. “வேரைத் தாண்டிப் போனா நல்ல சதையையும் அரிச்சிடும்மா. கட்டைவிரல் அவசரப்படும். என் கையால ஒரு தடவ அப்படிப் பட்டுடுச்சு. முகம் பூரா வீங்கிப்போச்சு.”

“யாருக்கு?”

டாக்டரம்மா தன் கன்னத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

என் பல் இன்றும் பறியைத் தாங்குகிறது. சேற்றில் கை விடும்போது சில நாள் என் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொள்கிறது. நான் பார்த்தே இராத ஒரு வீங்கிய முகம் கலங்கல் தண்ணீருக்கு அடியிலிருந்து என்னைப் பார்க்கிறது.