அடுவும் அடுக்கும்

பூண்டுலோயா தோட்டத்தில் குடியிருந்த லயக் காம்பிராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ஹட்டன் கராஜுக்கு வந்தேன். மனைவியும் பிள்ளையும் அவள் அப்பா வீட்டில். முதலாளி, ஒரு முஸ்லிம் நானா, முதல் நாளே சொல்லிவிட்டார்: "இந்த எஞ்சின் ஒழுங்கா ஓடினா வேலை உங்களுக்கு. இல்லாட்டி போய்டுங்க." போவதற்கு எனக்கு இடமில்லை என்பது அவருக்குத் தெரியாது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவின் பழைய கார் அது. உள்ளே கேம் தண்டு முன்னும் பின்னும் மயிரிழை ஆட வேண்டும். ஆட்டத்தைச் சரிசெய்ய முன்பக்கம் தாள் மாதிரி இரும்புத் தகடுகள் உண்டு, சிம் என்போம். எனக்கு ஒரே குழப்பம். முந்தின வாரம் பிரித்த லாரியில் சிம் வைக்க வைக்க ஆட்டம் கூடியது. இதில் கூடுமா, குறையுமா? அளந்தால் ஆட்டம் போதவில்லை.

பக்கத்தில் லாரிக்கு அடியில் சிங்கள மெக்கானிக் படுத்திருந்தார். என்னை 'மல்லி' என்பார், தம்பி என்று அர்த்தம். லாரி எஞ்சின் அலறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஆட்டம் பத்தல. சிம்ம என்ன செய்யட்டும்?"

"அடு க..." என்றார். மிச்சத்தை இரைச்சல் விழுங்கியது. அடுக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒன்றை அடுக்கினேன். போல்ட்டை முறுக்கும் முன்பே அவசரப்பட்டு அளந்தேன். அளவுத் தகடு வழுக்கிக்கொண்டு போனது; ஆட்டம் போதும் என்று போல்ட்டை முறுக்கினேன். பெரிய மேதாவி என்று நினைப்பு எனக்கு.

முதலாளி வட்டவளை வரை ஓட்டிப் பார்க்கப் போனார். திரும்பும் ஏற்றத்தில் எஞ்சின் கிறீச்சிட்டுக் கருகி நின்றது. தள்ளிக்கொண்டு வந்து பிரித்தோம். ஆட இடமில்லாமல் சூடேறி, தண்டு முகப்பு நீலம் பாரித்திருந்தது.

"இவ்வளவு சிம் போடச் சொன்ன யாரு?" என்றார் முதலாளி.

நான் மெக்கானிக்கைப் பார்த்தேன்.

"அடுக்கச் சொன்ன நீயா?" என்று முதலாளி அவரிடம் திரும்பினார்.

அவருக்குத் தமிழ் அரைகுறை. "ஓவ் முதலாளி, அடு. நான்தான் மல்லிக்குச் சொன்னது" என்றார் நிம்மதியாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தினமும் தேநீர்க் கடையில் சீனி 'அடு' என்று கேட்பார். சிங்களத்தில் அடு என்றால் குறைவு; கடைக்காரர் சிரித்துக்கொண்டே குறைவாகப் போடுவார். என்னிடமும் சிம்மைக் குறைக்கத்தான் சொல்லியிருக்கிறார்; இந்தக் காரில் குறைத்தால்தான் ஆட்டம் கூடும். முதலாளி கேட்டது ஒரு சொல்; அவர் ஆமென்றது வேறொரு சொல்.

வாயைத் திறந்தால் போதும். பிள்ளையின் முகம் வந்தது. திறக்கவில்லை.

மாலை நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் மெக்கானிக் ஏறினார். எதற்காகப் போகச் சொன்னார்கள் என்பது கடைசிவரை அவருக்குப் புரியவில்லை. "மல்லி, நான் சரியாத்தானே சொன்னது?" என்று ஜன்னல் வழியே என்னிடமே கேட்டார்.

எனக்குச் சிங்களம் விளங்காது என்பது போலத் தலையாட்டினேன். அவர் கேட்டது தமிழில்.